சம்பளத் துண்டு இல்லாத வீட்டின் வருமானத்தை எப்படி நிரூபிப்பது?

தங்கச்சி, முதலில் உங்கள் கேள்வியைச் சுருக்கிச் சொல்லிப் பார்க்கிறேன். நீங்கள் உயர்தரம் எழுதிவிட்டு வெள்ளவத்தையில் வாடகை வீட்டில் இருக்கிறீர்கள். நிதியுதவி கேட்டு அமெரிக்கக் கல்லூரிகளுக்கு விண்ணப்பிக்கப் போகிறீர்கள். அப்பா புறக்கோட்டையில் ஒரு மொத்தக் கடையில் கணக்கெழுதுகிறார். சம்பளம் மாதக் கடைசியில் கையில் காசாக வரும். துண்டு கிடையாது, ஊழியர் சேமலாப நிதியும் (இபிஎஃப்) கிடையாது. அம்மா வீட்டில் சட்டை தைக்கிறார். கனடாவில் இருக்கும் மாமா மாதாமாதம் கொஞ்சம் அனுப்புகிறார். கல்லூரிகள் வருமான வரிப் பத்திரம் கேட்கின்றன, உங்கள் வீட்டில் அது இல்லை. எந்தக் கடிதம் எடுத்தால் போதும், மாமாவின் காசைச் சொல்ல வேண்டுமா என்று கேட்டிருக்கிறீர்கள். காசு கொடுத்தால் "ஏற்ற மாதிரி" ஒரு சம்பளக் கடிதம் எடுத்துத் தருவதாக ஒரு ஏஜென்ட் சொன்னதையும் கடைசியில் எழுதியிருக்கிறீர்கள். இத்தனைக்கும் அடியில் உங்களை உறுத்துவது ஒன்றுதான் என்று நினைக்கிறேன்: எங்களுக்கு இவ்வளவுதான் வருமானம் என்று சொன்னால் நம்புவார்களா? அதற்கே பதில் எழுதுகிறேன்.

நான் கணக்காளர். இருபது வருடத்துக்கு மேலாகக் கொழும்பில் சின்னக் கடைகளுக்குக் கணக்குப் பார்க்கிறேன். அந்தக் கடைக்காரர்களின் பிள்ளைகள் வெளிநாட்டுக்கு விண்ணப்பிக்கத் தொடங்கியபோது இந்தப் படிவங்கள் என் மேசைக்கு வந்தன. கல்லூரி அலுவலகத்துக்குள் இருந்து முடிவெடுத்தவன் இல்லை நான். யாருக்கு எவ்வளவு கிடைக்கும் என்று என்னால் சொல்ல முடியாது. என்ன கேட்கிறார்கள், நம் பக்கத்துக் கடதாசிகள் எங்கே முரண்படுகின்றன என்பது எனக்குத் தெரியும்.

வரிப் பத்திரம் இல்லாதது குற்றமில்லை, அதற்காக வெட்கப்படவும் வேண்டாம். 2023 ஜனவரி முதல் இலங்கையில் தனிநபருக்கான வரி விலக்கு வருடத்துக்கு 12 லட்சம் ரூபாய், அதாவது மாதம் ஒரு லட்சம். 2025 ஏப்ரல் முதல் அது 18 லட்சமானது. அதற்கு முன்னர், 2020 முதல் 2022 கடைசி வரை, 30 லட்சமாக இருந்தது. அப்பாவின் சம்பளம் அந்த எல்லைக்குக் கீழே இருந்தால் சம்பளத்துக்கு வரி வரவே வராது. அமெரிக்காவில் குறைந்த வருமானக்காரர்களும் பெரும்பாலும் வருடாவருடம் வரி விபரம் தாக்கல் செய்வார்கள், அதனால் அங்குள்ள அதிகாரி முதலில் அந்தப் பத்திரத்தைத் தேடுவார். அது இல்லாதவர்களுக்கென்று "வரி தாக்கல் செய்யாதோர் கூற்று" என்றொரு படிவமே இருக்கிறது. அதை நிரப்பி, கூடவே இலங்கையின் வரி எல்லை இவ்வளவு, அப்பாவின் வருமானம் அதற்குக் கீழே என்று இரண்டு வரி எழுதுங்கள். அந்த இரண்டு வரியை நம் பிள்ளைகள் பலர் எழுதுவதில்லை.

நீங்கள் தேடிப் பார்த்த ஃபாஃப்சா, அதாவது அமெரிக்க அரசின் நிதியுதவிக்கான படிவம், அமெரிக்கக் குடிமக்களுக்கும் அங்கே நிரந்தர வதிவிடம் போன்ற உரிமை உள்ளவர்களுக்கும் உரியது. அதை விட்டுவிடுங்கள். உங்களுக்குத் தேவைப்படுவது பெரும்பாலும் காலேஜ் போர்ட் என்ற அமெரிக்க அமைப்பு நடத்தும் சிஎஸ்எஸ் புரொஃபைல் என்ற நிதியுதவிப் படிவம். அது ஒவ்வொரு வருடமும் ஒக்டோபர் 1-ஆம் தேதி திறக்கும். சில இடங்கள் சொந்தப் படிவம் வைத்திருக்கின்றன. சிஎஸ்எஸ்ஸுக்குக் கட்டணம் உண்டு. கட்ட முடியாவிட்டால் கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கு நேரடியாக மின்னஞ்சல் எழுதிக் கேளுங்கள். சில கல்லூரிகள் விலக்குக் குறியீடு தருகின்றன, சில கட்டணமில்லாத வேறு படிவத்தை ஏற்கின்றன. இன்னொன்றையும் இப்போதே தெரிந்துகொள்ளுங்கள். ஹார்வர்ட், யேல், பிரின்ஸ்டன், எம்ஐடி, அம்ஹர்ஸ்ட், டார்ட்மத், போடன் ஆகியவை வெளிநாட்டு மாணவர்களுக்கும் காசுத் தேவையைப் பார்க்காமல் அனுமதி முடிவு எடுக்கின்றன. மற்றப் பெரும்பாலான கல்லூரிகளில் நீங்கள் கேட்கும் உதவித் தொகை அனுமதி முடிவையும் தொடும். அதற்காகத் தேவையைக் குறைத்துக் கேட்காதீர்கள். உதவி போதாமல் கிடைத்த அனுமதியை வைத்துக்கொண்டு என்ன செய்வது என்று தெரியாமல் என் முன்னால் அழுத தகப்பன்மாரைப் பார்த்திருக்கிறேன்.

சரி, நம்புவார்களா என்ற கேள்விக்கு வருகிறேன். அந்த அதிகாரி ஒரு கடிதத்தைப் பார்த்து நம்புவதில்லை. வரவையும் செலவையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து, இந்த வீடு எப்படி ஓடுகிறது என்று பார்க்கிறார். உதாரணத்துக்கு ஒரு கணக்குப் போடுவோம். அப்பாவுக்கு மாதம் 75,000 என்றால் வருடத்துக்கு 9 லட்சம். அம்மாவின் தையலில் சராசரி 20,000 என்றால் 2 லட்சத்து 40 ஆயிரம். சேர்த்து 11 லட்சத்து 40 ஆயிரம். இனிச் செலவு: வெள்ளவத்தையில் வாடகை 55,000, சாப்பாடு 45,000, கரண்ட், தண்ணீர், போன் 10,000, படிப்பும் பஸ்ஸும் 15,000. மாதம் 1,25,000, வருடத்துக்கு 15 லட்சம். வரவை விடச் செலவு 3 லட்சத்து 60 ஆயிரம் கூட. இப்படி ஒரு படிவத்தை அனுப்பினால் அந்த அதிகாரி கேட்கும் முதல் கேள்வி, மீதியை யார் கட்டினார்கள் என்பதாகத்தான் இருக்கும். மாமா மாதம் 30,000 அனுப்புகிறார் என்றால் அந்த ஓட்டை அப்படியே அடைபடுகிறது, பாருங்கள்.

ஆகவே மாமாவின் காசைச் சொல்லுங்கள். படிவத்திலேயே உறவினரிடமிருந்து வரும் உதவியைக் கேட்கும் இடம் இருக்கிறது. அதை எழுதினால் உங்களுக்கு உதவி கிடைக்காது என்பது நம்மவர்களிடையே உலவும் ஒரு பயம். ஒரு காலத்தில் நானும் அப்படி நினைத்தேன். பல வருடங்களுக்கு முன் ஒரு பையனுக்கு, பெரியப்பா அனுப்பும் காசை எழுத வேண்டாம் என்று நான்தான் சொன்னேன். அவனுடைய தாயின் வங்கிக் கூற்றில் மாதாமாதம் அந்தக் காசு வரிசையாக நின்றது. கல்லூரியில் இருந்து கேள்வி வந்தது. மூன்று வாரம் விளக்கம் எழுதினோம். அந்த மூன்று வாரம் அந்தத் தாய் நித்திரை கொள்ளவில்லை, அது என் பிழை. அன்றிலிருந்து யாருக்கும் அப்படிச் சொன்னதில்லை. மாமாவிடம் ஒரு கடிதம் வாங்குங்கள்: நான் இன்னார், தங்கையின் குடும்பத்துக்கு மாதம் இவ்வளவு இத்தனை வருடமாக வீட்டுச் செலவுக்கு அனுப்புகிறேன், எனக்கும் குடும்பம் இருக்கிறது, கல்லூரிக் கட்டணத்தைப் பொறுப்பேற்க என்னால் முடியாது. கடைசி வாக்கியம் உண்மையாக இருந்தால் அதை எழுதத் தயங்க வேண்டாம். வெளிநாட்டில் மாமா இருக்கிறார் என்றதும் அவர் படிப்பிப்பார் என்று யாரும் ஊகித்துவிடக் கூடாது. காசு உண்டியலில், அதாவது வங்கிக்கு வெளியே ஆள் வழியாக, வருகிறதென்றால் அதற்குக் கடதாசி ஒன்றும் இருக்காது. இனிமேலாவது வங்கி வழியாக அனுப்பச் சொல்லுங்கள்.

அப்பாவின் சம்பளக் கடிதம்தான் உங்கள் விஷயத்தில் கடினமான இடம். சேமலாப நிதி கட்டாத முதலாளி, தொகை எழுதிக் கையெழுத்து வைக்கப் பயப்படுவார். சட்டப்படி தொழிலாளியின் பக்கம் 8 சதவீதமும் முதலாளியின் பக்கம் 12 சதவீதமும் சேமலாப நிதிக்கும், முதலாளி மேலும் 3 சதவீதம் நம்பிக்கை நிதிக்கும் கட்ட வேண்டும். அது கட்டப்படாதது அப்பாவுக்கு நடக்கும் அநியாயம். ஆனால் அதைத் தீர்க்கும் இடம் இந்த விண்ணப்பம் அல்ல, அப்பாவின் வேலையை ஆபத்தில் போட்டுவிடவும் கூடாது. முதலாளியிடம் அப்பாவே பேசட்டும்: வெளிநாட்டுக் கல்லூரிக்கு மட்டும், கடையின் பெயர்த்தாளில், எத்தனை வருடமாக வேலை, மாதம் கையில் கொடுக்கும் தொகை, தீபாவளிக்குக் கொடுக்கும் போனஸ், இவ்வளவுதான். பலர் இதற்குச் சம்மதிப்பார்கள். சம்மதிக்காவிட்டால் அப்பா சத்தியக்கடதாசி முடிக்கலாம். சமாதான நீதவான் முன்னாலோ சத்தியப்பிரமாண ஆணையாளர் முன்னாலோ கையெழுத்து வைத்து, சம்பளம் காசாகக் கிடைப்பதையும் முதலாளி எழுத்தில் தர விரும்பாததையும் அதிலேயே சொல்லிவிடலாம். சத்தியக்கடதாசி சம்பளத்தை நிரூபிக்காது. சொன்னவர் அதற்குப் பொறுப்பேற்கிறார் என்பதைத்தான் காட்டும். அதனால் அது தனியாகப் போகக் கூடாது, மற்றக் கடதாசிகளோடு சேர்ந்து போக வேண்டும்.

இதை வாசிக்கும் மற்றவர்களுக்கு ஒன்று. சேமலாப நிதி இருக்கிற வீட்டில் அந்தக் கூற்றுச் சம்பளத்தைக் காட்டிக்கொடுக்கும். தொழிலாளியின் 8 சதவீதம் 4,000 என்றால் அடிப்படை 50,000. சம்பளக் கடிதத்தில் 80,000 என்று இருந்தால், மீதி 30,000 நிதிக்குக் கணக்கெடுக்காத மேலதிகக் கொடுப்பனவுகள், மேலதிக நேர வேலை என்று பிரித்து எழுதச் சொல்லுங்கள். உண்மையான இரண்டு கடதாசிகள் ஒன்றையொன்று பொய்யாக்குவது போலத் தெரிவதை நான் அதிகம் பார்த்த இடம் இதுதான்.

அடுத்தது கிராம அலுவலர். வருமானச் சான்றிதழுக்கு அவர் எழுதிக் கொடுப்பதைப் பிரதேச செயலாளர் உறுதிப்படுத்த வேண்டும். வெள்ளவத்தை திம்பிரிகஸ்யாய பிரதேச செயலகத்துக்குள் வருகிறது. இங்கே கொழும்புத் தமிழருக்கு ஒரு சிக்கல் உண்டு. பதினைந்து வருடம் வெள்ளவத்தையில் இருந்தும் பெயர் இன்னும் ஊர் வாக்காளர் இடாப்பில் கிடக்கும். கிராம அலுவலர் தயங்குவார். வீட்டு ஒப்பந்தம், கரண்ட் பில், உங்கள் பாடசாலைக் கடிதம் எல்லாவற்றையும் கொண்டு போங்கள், அவர் அலுவலகத்தில் இருக்கும் நாட்களைக் கேட்டுக்கொண்டு போங்கள். இன்னொரு பழக்கத்தையும் சொல்ல வேண்டும். உதவி கிடைக்கட்டும் என்ற நல்ல மனதில் தொகையைக் குறைத்து எழுதுபவர்கள் இருக்கிறார்கள். உங்கள் படிவத்தில் 15 லட்சமும் சான்றிதழில் 3 லட்சமும் இருந்தால் சான்றிதழ் இல்லாததே மேல். என்ன தொகை எழுதப்போகிறார் என்று கேட்டு, சரியானதைப் பணிவாகச் சொல்லுங்கள்.

வங்கிக் கூற்றை அனுப்புமுன் நீங்களே ஒருமுறை வரிவரியாகப் பாருங்கள். சீட்டு எடுத்த மாதம் ஒரே நாளில் இரண்டு லட்சம் வந்திருக்கும். நமக்கு அது சீட்டுக் காசு, மாதாமாதம் கட்டிய சொந்தக் காசு. வெளியில் இருப்பவருக்கு அது வருமானம். நகை அடகு வைத்து எடுத்த காசும் அப்படித்தான்: அது கடன், ஆனால் கூற்றில் வரவாக நிற்கும். இப்படியான ஒவ்வொரு பெரிய வரவுக்கும் பக்கத்தில் சிறு குறிப்பு எழுதி, அடகுச் சீட்டு இருந்தால் அதன் பிரதியையும் வையுங்கள். விண்ணப்பத்துக்கு முந்திய மாதம் யாரிடமாவது காசு வாங்கிக் கணக்கில் போட்டு மினுக்க வேண்டாம். விசாவுக்காகச் சிலர் சொல்லிக்கொடுக்கும் அந்தப் பழக்கம், நிதியுதவி கேட்பவருக்கு நேரெதிராக வேலை செய்யும்.

சொத்து விஷயத்தில் ஊர்க் காணியை மறந்துவிடாதீர்கள். அம்மாவுக்குச் சீதனமாக வந்த காணி யாழ்ப்பாணத்தில் இருந்தால், யாழ்ப்பாணத் தமிழரின் மரபுச் சட்டமான தேசவழமைப்படி அது அம்மாவின் தனிச்சொத்து. ஆனால் இந்தப் படிவத்துக்கு அம்மா பேரில் உள்ளதும் அப்பா பேரில் உள்ளதும் ஒரே கூடைதான். இன்றைய மதிப்பை நேர்மையாக எழுதி, அதிலிருந்து வருமானம் வருகிறதா என்றும் எழுதுங்கள். வலிகாமம் வடக்குப் பக்கம் இராணுவத்தின் உயர் பாதுகாப்பு வலயத்தில் போன காணிகள் கட்டம் கட்டமாக விடுவிக்கப்பட்டாலும் எல்லாருக்கும் எல்லாம் திரும்பவில்லை. உங்களுடையது அப்படியானதென்றால், உறுதி இருக்கிறது, காலடி வைக்க முடியாது, விற்கவும் முடியாது என்று எழுத வேண்டும். அமெரிக்காவில் இருப்பவருக்கு அது தானாக விளங்காது. வீட்டுக்காரரிடம் கொடுத்த அட்வான்ஸையும் குறிப்பிடுங்கள். சேமிப்பு எங்கே போனது என்பதற்கு அதுவும் ஒரு பதில்.

ஆண்டும் நாணயமும் குழப்பும். படிவம் பெரும்பாலும் நீங்கள் சேரும் ஆண்டுக்கு இரண்டு ஆண்டு முந்திய வருமானத்தைக் கேட்கும். 2026 செப்டெம்பரில் சேருபவருக்கு அது 2024. அவர்கள் ஜனவரி முதல் டிசம்பர் வரை எண்ணுகிறார்கள், நம் வரிமதிப்பாண்டு ஏப்ரல் 1 முதல் மார்ச் 31 வரை. ஏதாவது ஒன்றை எடுத்து, எதை எடுத்தீர்கள் என்று எழுதிவிட்டு, எல்லாக் கடதாசியிலும் அதையே பிடியுங்கள். தொகையை இலங்கை ரூபாயிலேயே எழுதுங்கள், நீங்களாக டொலருக்கு மாற்ற வேண்டாம். 2022 மார்ச் தொடக்கத்தில் ஒரு டொலர் 200 ரூபாய்ச் சொச்சம், மே மாதத்தில் 360 அளவுக்குப் போனது. அந்த வருடம் மாணவர்கள் ஆளுக்கொரு விகிதத்தில் மாற்றி எழுதி, ஒரே சம்பளம் இரண்டு சம்பளமாகத் தெரிந்த கதைகள் என்னிடம் நிறைய உண்டு. 300 ரூபாய்க் கணக்கில் உங்கள் 15 லட்சம் 5,000 டொலர். நாலு பேர் இதில் வாழ முடியுமா என்று வாசிப்பவர் திகைப்பார். ஆகவேதான் வாடகையும் சாப்பாடும் எவ்வளவு என்று சொல்லும் ஒரு பக்க விளக்கக் கடிதமும் கூடப் போக வேண்டும்.

ஏஜென்ட் விஷயத்தில் எனக்குச் சந்தேகமே இல்லை: அந்தக் கடிதத்தைத் தொடாதீர்கள். பொய்யான ஆவணம் தெரியவந்தால் கல்லூரி அனுமதியைத் திரும்பப் பெறலாம், படித்துக்கொண்டிருக்கும்போதும் நடக்கலாம். அனுமதி கிடைத்ததும் கல்லூரி விசாவுக்கென்று தரும் ஐ-20 படிவத்தோடு காலி வீதி அமெரிக்கத் தூதரகத்துக்கு எஃப்-1 மாணவர் விசாவுக்குப் போவீர்கள், அங்கேயும் வீட்டு வருமானத்தைக் கேட்கலாம். அமெரிக்கக் குடிவரவுச் சட்டத்தில் முக்கியமான விஷயத்தில் தெரிந்தே பொய் சொல்லி விசா தேடினால் நிரந்தரத் தடை வரும். உங்கள் உண்மையான வருமானமே குறைவு. அதை இன்னும் குறைக்கக் காசு கொடுக்க என்ன தேவை?

இதுவரை சொன்ன வரி எல்லை, சேமலாப நிதி வீதம், மாமாவின் காசை எழுத வேண்டியது, பொய்யின் விளைவு ஆகியவற்றை உறுதியாகச் சொல்கிறேன். சத்தியக்கடதாசியை ஒரு கல்லூரி எவ்வளவு தூரம் ஏற்கும், காணியின் மதிப்பை எப்படி எடுத்துக்கொள்ளும் என்பது இடத்துக்கு இடம் மாறும். என் அனுபவத்தில் தெளிவாக எழுதியவர்களைத் திருப்பி விடவில்லை, அதிகபட்சம் இன்னொரு கடதாசி கேட்டார்கள். ஆனால் நான் பார்த்தது சில டசின் பிள்ளைகளைத்தான். ஒவ்வொரு கல்லூரியின் நிதியுதவி அலுவலகத்துக்கும் உங்கள் நிலைமையை நாலு வரியில் எழுதி, இவை போதுமா என்று முன்கூட்டியே கேளுங்கள், பதிலைச் சேமித்து வையுங்கள். கொழும்பில் ஃபுல்பிரைட் ஆணைக்குழுவில் அமெரிக்கப் படிப்புக்கு வழிகாட்டும் எஜுகேஷன் யூஎஸ்ஏ ஆலோசகர்கள் இருக்கிறார்கள், அங்கேயும் போய்ப் பாருங்கள். தமிழிலும் சிங்களத்திலும் உள்ள சான்றிதழ்களைச் சத்தியப்பிரமாண மொழிபெயர்ப்பாளரிடம் ஆங்கிலத்துக்கு மாற்றி, மூலப் பிரதியோடு சேர்த்து அனுப்புங்கள்.

உள்ளூர்ப் பல்கலைக்கழக விண்ணப்பத்தையும் விட்டுவிடாதீர்கள். மகாபொல, பர்சரி என்ற மாணவர் உதவித்தொகைகளுக்கும் வீட்டு வருமானம் பார்ப்பார்கள், அங்கே கேட்கும் கடதாசிகளில் பாதி இதே கோப்பிலேயே இருக்கும். மகாபொல மாதத் தொகை 5,000-இலிருந்து 7,500 ஆக உயரும் என்று 2025 வரவு செலவுத் திட்டத்தில் அறிவித்தார்கள்.

அம்மாவின் தையல் கொப்பி ஒன்று இருக்கும் என்று நினைக்கிறேன், யாருக்கு என்ன அளவு, எவ்வளவு வாங்கியது என்று பென்சிலால் எழுதியது. இந்த வாரம் அதை எடுத்து மாதவாரியாகக் கூட்டிப் பாருங்கள். கொப்பி இல்லாவிட்டால் இன்றே ஒன்று தொடங்கச் சொல்லுங்கள், போன வருடத்துக்கு அம்மாவின் நினைவில் உள்ளதை "மதிப்பீடு" என்று குறித்து எழுதுங்கள். ஒரு பிள்ளை இப்படியான கொப்பியின் ஆறு பக்கத்தைப் போட்டோ எடுத்து மொழிபெயர்த்து அனுப்பினாள். தையல் வருமானத்துக்கு அவளிடம் வேறு ஒரு கடதாசியும் கேட்கவில்லை. கூட்டியதும் வரும் தொகையை இங்கே எழுதுங்கள், விளக்கக் கடிதத்தின் முதல் வரைவை நான் பார்த்துத் தருகிறேன்.